ஏழு பேர்ச்சில் ஒரு கோட்டை

கட்டு ராசா, தாராளமாக் கட்டு. தாத்தா குறுக்க நிக்க மாட்டேன். நம்ம வம்சத்துல ஒருத்தனாவது கோட்டை கட்டணும்னு ஆசைப்பட்டானே, அதுக்கே மாடசாமிக்கு ஒரு சேவல் அறுக்கலாம். நீ வாட்ஸ்அப்புல அனுப்பின போட்டோவை உங்க அம்மா எனக்கு விரிச்சு விரிச்சுக் காட்டினா. ஆத்துக்கு நடுவுல தீவு, தீவுல ஒத்தைக் கல் வீடு. மேல கூரை இல்லை, ஜன்னலுக்குக் கதவில்லை, உள்ளே காக்கா பறக்குது. அதுக்குக் கீழே எழுதியிருந்தே: நமக்குக் கிடைக்கிற காணியில இதே மாதிரி ஒண்ணு கட்டுவோம், நீங்கதான் மேசன்னு. காக்கா நம்ம ஊர்லயே இருக்கு, அதை வாங்க வேண்டியதில்லை. மிச்சத்தைப் பேசுவோம்.

இதை எழுதுறது உன் தங்கச்சி. நான் சொல்லச் சொல்ல வருஷத்தையும் அளவையும் அவ போன்ல தேடிச் சரி பார்க்கிறா. எழுத்துப் பிழை இருந்தா அவளைக் கேளு. நக்கல் இருந்தா என்னைக் கேளு.

நீ படிக்கப் போன கிளாஸ்கோ எங்களுக்குப் புது ஊர் இல்லைடா. தோமஸ் லிப்டன் பிறந்த ஊர் அது. அங்க மளிகைக் கடை வச்சு முன்னுக்கு வந்த மனுஷன் 1890ல இங்க இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினாரு. தம்பேதென்ன தேயிலை ஸ்டோரு அந்தக் காலத்துல கட்டினதுதான், இன்னும் நிக்குது. அவரு கிளாஸ்கோவுல இருந்து வந்து மலையை வாங்கினாரு. நீ மலையில இருந்து கிளாஸ்கோ போய், படிச்ச நேரம் போக, ராத்திரியில சூப்பர் மார்க்கெட்டுல தேத்தூள் பெட்டி அடுக்குறே. கணக்கு நேராயிடுச்சு, இனி யாரும் யாருக்கும் கடனில்லைன்னு நினைச்சேன். இப்பப் பார்த்தா நீ கோட்டையையும் சேர்த்துக் கேக்குறே.

சரி, உன் கோட்டைக்கு வருவோம். திரீவ்னு பேராம். ஸ்கொட்லாந்தோட தென்மேற்குல, டீ ஆத்துக்கு நடுவுல இருக்காம். ஆத்துக்குப் பேரே டீ! எங்க போனாலும் அது நம்மளை விடாது போல. இந்த ரகத்துக்கு அங்க கோபுர வீடுன்னு பேர் வச்சிருக்காங்க. பரந்து கட்டாம ஒசந்து கட்டுறது. சமையல், சாப்பாடு, தூக்கம், ஜெயில், எல்லாத்தையும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்குறது. 1300களுக்குப் பிறகு முந்நூறு வருஷத்துக்கு அந்த நாட்டுல காசுள்ளவன் எல்லாம் இதைத்தான் கட்டியிருக்கான். திரீவ் அதுல மூத்த பிள்ளைகள்ல ஒண்ணு.

முதல்ல நூல் பிடிச்சுப் பார்ப்போம். நீளம் ஏறக்குறைய 60 அடி, அகலம் 40, உயரம் 70. அதாவது அடியில மட்டும் 2,400 சதுர அடி. ஒரு பேர்ச்சுக்கு 272 சதுர அடி. வீட்டுத் திட்டத்துல நமக்கு அளந்து கொடுக்கிறது 7 பேர்ச், 1,905 சதுர அடி. கோட்டைக்கு ஒன்பது பேர்ச் கிட்ட வேணும். அப்ப என்ன ஆகும்? உன் கோட்டையோட ஒரு மூலை பக்கத்து வீட்டு லீக்ஸ் பாத்தியில போய் நிக்கும். அந்த வீட்டுக்காரி வாயை நீ அறிவே. ஸ்கொட்லாந்து ராசா பீரங்கியோட வந்தப்ப தாங்கின சுவர் அவ வாய்க்குத் தாங்குமான்னு எனக்குச் சந்தேகம்.

சின்னதாக் கட்டலாம்னு சொல்வே. கட்டலாம். 7 பேர்ச்சையும் சதுரமா வச்சா பக்கத்துக்கு 43 அடி சொச்சம். ஆனா திரீவ் சுவர் தடிப்பு இருக்கே, அது 10 அடிடா தம்பி. இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 10 போக உள்ளே மிஞ்சுறது 23 அடி. வாசல்ல கோலம் போட இடமில்லை, கறிவேப்பிலை நட இடமில்லை, உங்க அம்மாவுக்கு விறகு அடுக்க இடமில்லை. இதுல இன்னொரு வேடிக்கை. உங்க அம்மா பிறந்த லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. நானும் பாட்டியும் அஞ்சு பிள்ளைகளும் ரெண்டு ஆடும் அதுலதான் இருந்தோம். மழை காலத்துல ஆடுகளுக்குத்தான் நல்ல இடம். அப்ப அந்தக் கோட்டையைக் கட்டின பிரபுவோட வீட்டுக்குள்ள நாங்க குடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுவருக்குள்ளேயே ஒரு ஓட்டை போட்டுக் குடும்பத்தை வச்சிருக்கலாம். அவரு தடிப்புக்கு விட்ட இடத்துல நாங்க வம்சத்தையே வளர்த்திருக்கோம்.

1535ல அந்த நாட்டுல ஒரு சட்டம் போட்டாங்களாம். எல்லைப்புறத்துல நூறு பவுண் பெறுமதியான காணி வச்சிருக்கிறவன் கல்லும் சுண்ணாம்பும் வச்சு மதில் கட்டணும், உள்ளே 60 அடி சதுரம் இருக்கணும், ஆபத்து வந்தா அக்கம்பக்கத்துச் சனமும் ஆடு மாடும் உள்ளே வந்து நிக்கிறதுக்கு. 60க்கு 60, கணக்குப் பாரு: 13 பேர்ச். அந்த ஊரு மாட்டுக்குச் சட்டப்படி கிடைச்ச இடம், இந்த ஊர்ல ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிறதைப் போல ரெண்டு மடங்கு கிட்ட வருது. இதைத் தொழிற்சங்கத் தலைவர் யாரும் மேடையில சொல்லி நான் கேட்டதில்லை. நீ படிச்சவன், எழுதிப் போடு.

இப்பக் கட்டினவன் கதை. ஆர்ச்சிபால்ட் டக்ளஸ்னு பேர். கடுகடுப்பான ஆளுன்னு பட்டப்பேர் வேற. நம்ம தோட்டத்துலயும் சிரிக்காத துரைமாரைப் பார்த்திருக்கேன், ஆனா அவங்க பட்டப்பேரை உன் தங்கச்சி எழுத மாட்டேங்கிறா. இந்த டக்ளஸ் என்ன செஞ்சான்னு கவனி. எடுத்த எடுப்பில கல் அடுக்கலை. 1369ல ராசா ரெண்டாவது டேவிட் கிட்ட இருந்து கலோவே சீமையை எழுத்துல வாங்கிக்கிட்டான். அதுக்குப் பிறகுதான் தீவுல அத்திவாரம் தோண்டினான். வாள் பிடிக்கிறவனுக்கே அந்தப் புத்தி இருந்திருக்கு. இதை மனசுல முடிஞ்சு வை, பிறகு அவிழ்ப்போம்.

வீடு எப்படின்னு உன் படங்களைப் பார்த்தே சொல்லிடுவேன். வாசல் தரையில இல்லை, ஒசரத்துல இருக்கு. மரப்படி வச்சு ஏறணும். எதிரி வந்தா அந்த மரத்தை எடுத்துடலாம். ஏறினா முதல்ல குசினி. அதுக்குக் கீழே கிணறும், சாமான் அறையும், ஜெயில் குழியும். குசினிக்கு மேல பெரிய சாலை, பிரபு ஆட்களோட உக்காந்து சாப்பிடுறதுக்கு. அதுக்கு மேல அவரு படுக்கிற இடம். உச்சியில சண்டைக்காரங்க. சுவர்ல அந்த ஒசரத்துல வரிசையாச் சின்னச் சதுர ஓட்டை தெரியுது பாரு, அது புறாவுக்கு வச்சதில்லை. ஓட்டையில மரத்தைச் செருகி வெளிப்பக்கம் பரண் கட்டி, கீழே வர்றவன் தலையில கல்லைப் போடுறதுக்கு.

இதுல எனக்குப் பிடிச்சது கிணறு. வீட்டுக்குள்ளேயே கிணறு வெட்டினவன் கெட்டிக்காரன். நம்ம லயத்துல அம்பது குடும்பத்துக்கு ஒரு பீலி, அதுக்கும் காலையில வாளி வரிசை. பிடிக்காதது அந்தக் கிணத்துப் பக்கத்துலயே ஜெயிலை வச்சது. தாகத்துல கிடக்கிறவன் காதுல ராட்டினச் சத்தம் கேக்கணும்னு வச்சானோ என்னமோ.

இன்னொண்ணு, கக்கூஸ். சுவர் தடிப்புக்குள்ளேயே குடைஞ்சு வச்சு, எல்லாம் வெளியே விழுற மாதிரி வழி விட்டிருக்கான். 1370கள்ல! உங்க பாட்டி ராத்திரி மழையில சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு லயத்துக் கோடிக்குப் போனது எந்த வருஷம்னு நான் சொன்னா உன் தங்கச்சிக்கு எழுதக் கை வராது. விடு.

வாசலுக்கு நேர் மேல, சுவர் உச்சிக்குக் கிட்ட, ஒரு கல் முட்டு நீட்டிக்கிட்டு இருக்கே, அதைப் பத்தி அந்த ஊர்ல ஒரு பேச்சு உண்டாம். அதுல எப்பவும் ஒரு ஆள் தொங்கிக்கிட்டே இருப்பான்னு டக்ளஸ் பெருமையடிப்பானாம். நிசமோ பொய்யோ, வீட்டு வாசல்ல திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுறதுதான் நம்ம வழக்கம். நீ கோட்டை கட்டினாலும் அந்த முட்டுல பூசணிக்காயே தொங்கட்டும்.

சுத்துப் படிக்கட்டு வேணும்னு தனியா எழுதியிருந்தே. அது வலப்பக்கமாச் சுத்தி ஏறுறதால மேல நிக்கிறவனுக்கு வாள் வீச வசதி, ஏறி வர்றவனுக்குச் சுவர் இடிக்கும்னு டூர் காட்டுறவங்க சொல்வாங்க. ஆராய்ச்சிக்காரங்கள்ல பல பேர் இப்ப அதை நம்புறதில்லையாம். எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனா தவறணையில இருந்து ஒம்பது மணிக்குத் திரும்பி வர்ற உங்க மாமன் அந்தப் படியில எந்தப் பக்கமாச் சுத்தினாலும் மேல போய்ச் சேர மாட்டான். அவனுக்காகவாவது நேர்ப் படி வை.

இப்ப நான் ஒரு கேள்வி கேக்குறேன். இம்புட்டும் எதுக்குக் கட்டினான்? வாசலை ஒசத்தி, ஜன்னலைச் சுருக்கி, சுவரைத் தடிப்பாக்கி, சுத்தித் தண்ணி விட்டு? பயம்டா. ஊர்ச் சனத்து மேல பயம், சொந்தக்காரன் மேல பயம், ராசா மேல பயம். ஒசரத்துல இருந்தா வர்றவன் தெரிவான். நம்ம தோட்டத்துப் பெரிய பங்களா எங்க இருக்குன்னு யோசிச்சுப் பாரு. மேட்டுல. ஸ்டோரு தெரியும், காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களம் தெரியும், லயம் தெரியும், எந்தக் காம்பராவுல எத்தனை மணிக்குப் புகை வருதுன்னும் தெரியும். லிப்டன் கோபுரம் கட்டிச் செலவழிக்கலை, சிக்கனக்காரரு. தம்பேதென்னைக்கு மேல மலை உச்சியில ஒரு இடத்தைப் பிடிச்சு உக்காந்து பார்த்துட்டுப் போயிட்டாரு. இன்னிக்கும் லிப்டன் சீட்டுன்னு வெள்ளைக்காரன் விடியக்காலையில ஆட்டோ பிடிச்சு ஏறுறான். லயத்தை எப்படிக் கட்டினாங்க? பள்ளத்துல, ஒரு நீட்டுக் கட்டடம், முதுகோட முதுகு ஒட்டின காம்பராக்கள், முன்னால ஒரு இஸ்தோப்பு, ஒரு கதவு. பார்க்கிறவன் வீடு ஒசந்தது, பார்க்கப்படுறவன் வீடு நீண்டது. ரெண்டையும் வரைஞ்சது ஒரே பென்சில். உனக்குக் கட்டடக் கலை சொல்லிக் கொடுக்கிற வாத்தியார்மாருக்கு இதைச் சொல்லு, மார்க் கொடுப்பாங்களான்னு பார்ப்போம்.

நம்ம ஊவாவுல இந்தக் கோட்டை ஆசை வந்த முதல் ஆள் நீ இல்லை. ஹப்புத்தளை அடிஷம் பங்களா ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூட டூர்ல போய் ஜாமை விரலால வழிச்சுத் தின்னுட்டு வர்ற வழியில பஸ்ஸுல வாந்தி எடுத்தியே, அதேதான். கட்டினவரு சர் தோமஸ் வில்லியர்ஸ். 1887ல சின்னத் துரையாத் தொழில் பழக இந்த நாட்டுக்கு வந்த பொடியன், பிறகு கொழும்புல ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பெனிக்கே தலைவர். தாத்தா இங்கிலாந்துப் பிரதமரா இருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபு. பிறந்தது கென்ட் சீமையில அடிஷம்ங்கிற ஊர். வீட்டுக்கு அந்தப் பேரையே வச்சாரு. அதே சீமையில இருக்கிற லீட்ஸ் கோட்டைச் சாயல்ல 1931ல கட்டி முடிச்சாங்க.

அங்க நான் வேலை பார்த்ததில்லை, ஆனா போனப்ப எல்லாம் சுவரைத்தான் தடவிப் பார்ப்பேன். பொளிஞ்ச கருங்கல்லு, பொருத்துக்கு நடுவுல கத்தி நுனி போகாது. கூரைக்கு ஓடுமில்லை, தகரமுமில்லை, பர்மாத் தேக்குச் சீவல். வேலைன்னா அது வேலை. ஆனா சிரிப்பு வர்றது எங்கன்னா, அந்த வீட்டுக்கு எதிரியே கிடையாது. ஹப்புத்தளையில யாரு படை எடுத்து வருவா? மத்தியானம் மூணு மணிக்கு மூடுபனி வரும், அதுக்குக் கோபுரம் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். பயத்துக்குக் கட்டினது திரீவ்; ஊர் ஞாபகத்துக்குக் கட்டினது அடிஷம். ஊர் ஞாபகம் வந்தா நாம தேங்காய்ச் சம்பல் அரைப்போம், அவரு கோட்டை கட்டியிருக்காரு. 1960களின் தொடக்கத்துல அது பெனடிக்ட் சபைச் சாமியார்மார் கைக்கு வந்துச்சு. அவங்க கூரையைப் பார்த்துக்கிட்டாங்க. அதனாலதான் அது இன்னும் வீடு, உன் திரீவ் வெறும் சுவரு.

கூரைன்னு வாயில வந்துடுச்சு, இனி மேசன் பேச்சு. கொஞ்சம் பொறுமையாக் கேளு.

திரீவ் எப்படி இடிஞ்சதுன்னு நினைக்கிறே? 1455ல ரெண்டாவது ஜேம்ஸ் ராசா டக்ளஸ் குடும்பத்தோட பகைச்சுக்கிட்டு, பெரிய பீரங்கியை இழுத்துக்கிட்டு வந்து வளைச்சான். மாசக் கணக்கா அடிச்சும் வீடு விழலை. கடைசியில உள்ளே இருந்தவங்களுக்குச் சன்மானம் கொடுத்துத்தான் கதவைத் திறக்க வச்சான். பத்தடிச் சுவரு காசுக்கு முன்னால நிக்காதுன்னு நம்ம தேர்தல் காலத்துல நீயே பார்த்திருக்கே. அந்த ராசா அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு கோட்டையை முற்றுகை போடுறப்ப, பக்கத்துல நின்ன சொந்தப் பீரங்கி வெடிச்சே செத்தான். அது அவன் பாடு.

பிறகு 1640ல உள்நாட்டுச் சண்டை. 13 கிழமை முற்றுகை, அப்பவும் விழலை, உள்ளே இருந்தவங்க ஒப்பந்தம் பேசி வெளியே வந்தாங்க. ஜெயிச்சவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? சுவரை முழுசா இடிக்கலை. கூரைக் கல்லோட்டைக் கழட்டு, மாடிப் பலகையைக் கழட்டு, கதவு ஜன்னலைக் கழட்டுன்னு உத்தரவு போட்டாங்க. அவ்வளவுதான். மிச்சத்தை மழை பார்த்துக்கிச்சு. உன் படத்துல அடுப்பு மாடம் ஒண்ணு ஆள் ஏற முடியாத ஒசரத்துல சுவர்ல ஒட்டிக்கிட்டு நிக்குதே, அதுக்கு முன்னால ஒரு காலத்துல பலகைத் தரை இருந்துச்சு, அதுல ஒருத்தி நின்னு கூழ் கிண்டியிருப்பா.

அந்தக் காலத்துத் தடிச் சுவரு முழுக்கக் கல்லுன்னு நினைக்காதே. ரெண்டு ரொட்டிக்கு நடுவுல சம்பல் வச்ச மாதிரி, வெளிப்பக்கம் ஒரு கல் வரிசை, உள்பக்கம் ஒரு கல் வரிசை, நடுவுல துண்டுக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரை இருக்கிற வரைக்கும் அது ஆயிரம் வருஷம் நிக்கும். கூரை போனா தண்ணி நேராச் சுவர் உச்சியில இறங்கி நடுச் சாந்தைக் கரைக்கும். குளிர் நாட்டுல அந்தத் தண்ணி உறைஞ்சு உப்பிக் கல்லைத் தள்ளும். நம்ம நாட்டுல உறையாது, அதுக்குப் பதிலாக் காக்கா எச்சத்துல வந்த அரச விதை அந்த இடுக்குல முளைக்கும். பத்து வருஷத்துல வேர் சுவரைப் பிளந்து, அதுக்குள்ள ஒரு பிள்ளையாரும் வந்து உக்காந்துடுவாரு. பிறகு வெட்டவும் முடியாது.

அதை ரிப்பேர் பண்ணுறேன்னு சீமெந்தை அப்புறவன் இருக்கானே, அவனை அந்த ஜெயில் குழியில போடணும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், விடும். சீமெந்து வாங்கின ஈரத்தை வெளியே விடாது. கல்லு உள்ளுக்குள்ள ஊறி உதிரும். பழைய பங்களாச் சிமினி எத்தனையை அப்படிப் பார்த்திருக்கேன், மேல வெள்ளையா மினுங்கும், தட்டினா பொக்குன்னு கேக்கும்.

இன்னொரு கூத்து. போன நூற்றாண்டுல அந்த நாட்டுல கூரை உள்ள கட்டடத்துக்குத்தான் வரியாம். வரி கட்ட மனசில்லாத பெரிய வீட்டுக்காரங்க தாங்களே ஆள் வச்சுக் கூரையைக் கழட்டிப் போட்டாங்களாம். இதைக் கேட்டப்ப உங்க அம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. ஒரு தகரம் மாத்தித் தாங்கன்னு தோட்டத்து ஆபீசுக்கு அவ எழுதின கடிதம் எல்லாத்தையும் சேர்த்தா ஒரு கூரையே வேயலாம்.

அதனால தம்பி, உன் கோட்டைக்கு முதல்ல கூரை வரைஞ்சு அனுப்பு. கூரைக்குப் பீலி, பீலிக்கு இறங்கு குழாய், குழாய்த் தண்ணி போறதுக்குக் கான். கோபுரக்காரங்க மொட்டை மாடிச் சுவர்ல கல்லுல தண்ணிக் குழாய் செதுக்கி வெளியே நீட்டி விட்டிருப்பாங்க, வேடிக்கைக்கு இல்லை. வேணும்னா சிங்க முகம் செதுக்கிக்கோ, தண்ணி வெளியே விழுந்தாச் சரி.

கான்னு சொன்னப்ப சிரிப்பை நிப்பாட்டி ஒண்ணு சொல்லணும். திரீவ் நிக்கிறது ஆத்துத் தீவுல, சமநிலம். நம்ம காணி மலைச் சரிவு. 70 அடிக் கல்லைக் கொண்டு வந்து ஊவாச் சரிவுல வச்சா, சரிவு அதைத் தூக்கிக்கிட்டுக் கீழே போகும். 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில கொஸ்லாந்தை மீரியபெத்தையில மண் சரிஞ்சு லயமே மூடிப்போச்சு. அது ஆபத்தான இடம்னு அதுக்கு முந்தியே எச்சரிச்சிருந்தாங்க. எச்சரிச்சா மட்டும் போதுமா, போறதுக்கு வேற இடம் வேணாமா? அந்தச் சனம் அங்க இருந்தது ஆசையிலயில்லை. பதுளை மாவட்டத்துல வீடு கட்டுறதுன்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து மண்ணைப் பார்த்துச் சரின்னு எழுதித் தரணும். சில பேரு அதை வீண் அலைச்சல்னு சொல்வாங்க. நீ சொல்லாதே.

இடி வேற இருக்கு. ஒசந்த வீட்டுக்கு இடிதாங்கி வைக்காம விடாதே. பதுளையில மேஜர் ரோஜர்ஸ்னு உதவி அரசாங்க ஏஜண்டு இருந்தான். 1,400 யானை சுட்டான்னு சொல்வாங்க, பாவி. 1845ல ஹப்புத்தளையில இடி விழுந்து செத்தான். அவன் ஞாபகமாத்தான் பதுளை டவுன்ல அந்தச் சென்ட் மார்க்ஸ் கோயிலைக் கட்டினாங்க. யானைங்க யாரு கிட்ட முறையிட்டுச்சோ தெரியாது. யானையைத் தொடாத உனக்கு இடி வராதுன்னு வச்சுக்கிட்டாலும், இடிதாங்கி ஒண்ணு வாங்கிடு.

இப்ப அந்த முடிச்சை அவிழ்ப்போம். டக்ளஸ் காகிதம் வாங்கிட்டுக் கட்டினான்னு சொன்னேன்ல? 1455ல அந்தக் குடும்பத்துக் காணி எல்லாம் பறிமுதல்னு இன்னொரு காகிதம் வந்துச்சு. சுவரு அப்படியே நின்னுச்சு, டக்ளஸ் போயிட்டான். நம்ம ஊர்லயும் அதே கதைதான். 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்துச்சு, துரைமாரும் வெள்ளைக்காரக் கம்பெனியும் போனாங்க. 1992ல தோட்டத்தை மறுபடி கம்பெனிகளுக்குக் கொடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் பங்களா, ஸ்டோரு, தேயிலைச் செடி, லயம் எல்லாம் பட்டியல்ல சேர்ந்து கை மாறிச்சு. லயத்துக்குள்ள இருந்தவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. நூத்தம்பது வருஷமாக் குடியிருந்தும் அந்தக் காம்பராவுக்கு எங்க பேர்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உன் திரீவ்ல முந்நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஒரு குடும்பமும் குடியில்லை. அதுக்குச் சட்டப் பாதுகாப்பு, காவல், பார்க்க வர்றவங்களைத் தீவுக்கு ஏத்திப்போக ஒரு படகு, படகைக் கூப்பிட ஒரு மணி. எங்களுக்கு மணி அடிச்சா பெரட்டுக்குத்தான் போகணும்.

தோட்டத்துச் சனத்துக்குன்னு இந்திய உதவியில முதல்ல 4,000 வீடு, பிறகு 2017 மே மாசம் மோடி நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 தர்றோம்னு சொன்னாரு. 550 சதுர அடி வீடு, 7 பேர்ச் காணி. நல்ல காரியம், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா சாவி கைக்கு வந்த எத்தனையோ பேருக்குக் காணி உறுதி வருஷக் கணக்கா வரலை. விழா மேடையில சாவியைக் காட்டிப் படம் எடுக்கிறது சுலபம். காணி உறுதிக்குக் கச்சேரியில கையெழுத்து வேணும்.

அதனால கோட்டைக்குன்னு நீ சேர்க்கிற பவுணை அங்கயே பேங்குல போட்டு வை. காணி உறுதி கைக்கு வரட்டும். அதுல உங்க அம்மா பேரு அடையாள அட்டையில உள்ளபடி எழுத்துப் பிழையில்லாம இருக்கட்டும், பதுளைக் காணிப் பதிவகத்துல பதிஞ்ச பிரதி என் தகரப் பெட்டிக்குள்ள போகட்டும். பிறகு நானே கொலுறு எடுத்துக்கிட்டு வர்றேன். கோபுரமோ, கோழிக்கூடோ, நீ சொன்னதைக் கட்டித் தர்றேன். அது வரைக்கும் ஒரு சதமும் அனுப்பிடாதே. அனுப்பினா, கோட்டைக்கு அத்திவாரம் தோண்டுறேன்னு குழி வெட்டி, உங்க மாமன் அதுல மரவள்ளி நட்டுடுவான்.